ஒரு படைவீரரின் நாட்குறிப்பும் அவர் பெயரில் வந்த நூலும்: ஜோனத்தான் கார்வர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

பயணம் போனவர் ஒருவர், அவருடைய குறிப்புகளைச் சந்தைக்கு ஏற்ற நூலாக்கியவர் வேறொருவர், அந்த நூலை வைத்து நிலம் கேட்டவர்கள் இன்னும் சிலர் என்று ஒரு பதிவு பல கைகள் மாறும்போது, முதலில் கண்ணால் கண்டு எழுதியவருக்கு என்ன நேர்கிறது என்பதை அறியவே இந்த நிகழ்வைத் தேர்ந்துகொண்டேன். 18ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த வட அமெரிக்கக் குடியேற்றங்களில் பிறந்து, படையில் பணியாற்றி, பின்னர் பயண நூலாசிரியராக அறியப்பட்ட ஜோனத்தான் கார்வரின் வாழ்க்கை அதற்கு மிகத் தெளிவான சான்றாக இருக்கிறது. பொது ஆவணங்களில் இடம்பெற்ற அதிகாரிகள், ஆய்வாளர்கள் ஆகியோரின் பெயர்களை மட்டும் தந்திருக்கிறேன். குடும்பத்தினர், லண்டனில் நூலைச் செப்பனிட்டவர், பிற்காலத்தில் நிலத்துக்கு உரிமை கோரியவர்கள் ஆகியோரைப் பெயர் சுட்டாமலே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கார்வர் 1710 ஏப்ரல் 13 அன்று மாசசூசெட்ஸில் உள்ள வேமத் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கனெக்டிகட்டின் கான்டர்பரிக்கு இடம்பெயர்ந்தது. 1746இல் அங்கே அவருக்குத் திருமணம் நடந்தது. பிள்ளைகள் எழுவர். பின்னர் குடும்பம் மேற்கு மாசசூசெட்ஸின் மான்டேக் என்னும் எல்லைப்புற ஊரில் குடியேறியது.

பிறந்த ஆண்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் இறந்த பின் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு அவர் 1732இல் பிறந்ததாகச் சொன்னது. அதை நம்பினால், மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதிக்குப் போனவர் முப்பத்து நான்கு வயதுக்காரர். உண்மையில் அவர் புறப்பட்டபோது வயது ஐம்பத்தாறு. அந்த வயதில், பிள்ளைகளையும் வருமானமில்லாத வீட்டையும் விட்டுவிட்டு ஒருவர் காட்டு வழியே போகத் துணிந்தார் என்றால் அதற்குப் பின்னால் இளமை வேகம் இல்லை. போர் முடிந்து படை கலைக்கப்பட்ட பின் வேறு பிழைப்பு கிடைக்காத ஒரு மனிதரின் கணக்கு இருந்தது. அவர் எடுத்த முடிவுகள் அனைத்தையும் இந்த வயதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1755 முதல் மாசசூசெட்ஸ் படைப்பிரிவுகளில் பணியாற்றிய அவர், பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நடந்த அந்தப் போர்க்காலத்திலேயே படிப்படியாக உயர்ந்து 1760இல் கேப்டன் ஆனார். 1763இல் போர் முடிந்தது. நில அளவையும் வரைபடம் வரைதலும் அவர் இக்காலத்தில் கைக்கொண்ட திறன்கள். மேற்கே பிரான்ஸிடமிருந்து பிரிட்டனுக்குக் கிடைத்த பரந்த நிலப்பரப்புக்குச் சரியான வரைபடமே இல்லாதிருந்த காலத்தில் அவை மதிப்புள்ள திறன்களாகவும் இருந்தன.

1757: முதல் சாட்சியம்

பயணத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட ஒரு நிகழ்வை முதலில் பார்க்க வேண்டும். 1757 ஆகஸ்டில் ஜார்ஜ் ஏரியின் தென்கரையில் இருந்த வில்லியம் ஹென்றி கோட்டையைத் தளபதி மோன்கால்ம் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் அதன் பழங்குடித் தோழமைப் படைகளும் முற்றுகையிட்டன. கோட்டையின் பிரிட்டிஷ் தளபதி மன்றோ ஆகஸ்ட் 9 அன்று சரணடைந்தார். ஆயுதங்களுடன் பாதுகாப்பாக எட்வர்ட் கோட்டைக்குச் செல்லலாம் என்ற உடன்படிக்கையை நம்பி வெளியேறியவர்களை, கொள்ளைப் பொருள் கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்டு ஏமாந்திருந்த பழங்குடி வீரர்கள் மறுநாள் தாக்கினார்கள். கார்வர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உடைகள் பறிக்கப்பட்டு, துரத்தப்பட்டு, காட்டுக்குள் ஓடி, மூன்று நாட்கள் அலைந்து எட்வர்ட் கோட்டையை அடைந்ததாக அவருடைய நூல் சொல்கிறது.

அதே இடத்தில் நூல் ஒரு எண்ணையும் தருகிறது. அந்த நாளில் 1,500 பேர் ‘கொல்லப்பட்டனர் அல்லது சிறைபிடிக்கப்பட்டனர்’ என்று கணக்கிடப்பட்டதாக அது கூறுகிறது. பின்வந்த பலர் ‘அல்லது சிறைபிடிக்கப்பட்டனர்’ என்ற சொற்களை விட்டுவிட்டு, 1,500 பேர் படுகொலை செய்யப்பட்டதாக எழுதினார்கள். சரணடைந்தவர்களே சுமார் 2,300 பேர்தான். படைப் பட்டியல்களையும் திரும்பி வந்த கைதிகளின் எண்ணிக்கையையும் பெயர் பெயராக ஒப்பிட்ட பிற்கால ஆய்வு, கொல்லப்பட்டவர்கள் 69 முதல் 184 வரை இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. உயிருக்கு ஓடிய ஒருவருக்குத் தம்மைச் சுற்றி நடந்தது தெரியும், மொத்தக் கணக்கு தெரியாது. மொத்தத்தை அவர் யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருப்பார். தாம் கண்டதையும் கேட்டதையும் ஒரே பத்தியில், ஒரே தொனியில் எழுதிவைத்த இந்தப் பழக்கம் பின்னால் மிகப் பெரிய அளவில் அவரைத் திருப்பித் தாக்கியது.

1766: ஆணையும் புறப்பாடும்

எல்லைப்புறப் படைத் தலைவராகப் புகழ்பெற்ற ராபர்ட் ரோஜர்ஸ், லண்டனில் முயன்று, ஹூரான், மிச்சிகன் ஏரிகள் சந்திக்கும் நீரிணையருகே இருந்த மிச்சிலிமாக்கினாக் கோட்டையின் தலைமைப் பொறுப்பைப் பெற்றிருந்தார். கண்டத்தின் குறுக்கே பசிபிக் கடலுக்கு ஒரு நீர்வழி இருக்கிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வடமேற்குக் கடல்வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்ட் பரிசு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1745இல் அறிவித்திருந்தது. மேற்கே பாயும் அந்த ஆற்றை ரோஜர்ஸ் தமது மனுக்களில் ‘ஊரகான்’ என்ற பெயரால் குறிப்பிட்டார். தேடிச் செல்ல அரசிடம் பணம் கேட்டார். அரசு மறுத்துவிட்டது.

மறுக்கப்பட்ட திட்டத்தை அவர் தாமாகவே செயல்படுத்தத் தீர்மானித்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம். 1766 ஆகஸ்டில் அவர் கார்வருக்கு எழுத்துப்பூர்வமான நியமனம் கொடுத்தார். வழியெங்கும் அளந்து வரைபடம் வரைய வேண்டும், கிடைக்கும் செய்திகளைக் குறிக்க வேண்டும், நாளொன்றுக்கு எட்டு ஷில்லிங் ஊதியம் என்பது ஏற்பாடு. குழுவின் தலைவராக ஜேம்ஸ் டூட் என்ற மற்றொரு கேப்டனும், துணைவராக ஜேம்ஸ் ஸ்டான்லி காடார்ட் என்ற வணிகரும் நியமிக்கப்பட்டனர். ஆக, கார்வர் தலைவர் அல்லர். முன்கூட்டிப் போய், குளிர்காலத்தை மிசிசிப்பியின் மேற்பகுதியில் வாழ்ந்த டகோட்டா பழங்குடி மக்களிடையே கழித்து, வசந்தத்தில் குழுவுடன் சேர வேண்டிய நில அளவையாளர்.

இந்த இடத்தில் அவர் எடுத்த முடிவைக் குறை சொல்வது எளிது. ஒரு கோட்டையின் தலைவர் கையெழுத்திட்ட ஆணை கையில் இருந்தது. படையில் பல ஆண்டுகள் மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து பழகியவர் அவர். ஆணை கொடுத்தவருக்கு அந்த ஆணையைக் கொடுக்கும் அதிகாரம் உண்டா, பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அந்தத் தொலைதூரக் கோட்டையில் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை. நியூயார்க்கில் இருந்த தலைமைத் தளபதி தாமஸ் கேஜ் ரோஜர்ஸைத் தொடக்கம் முதலே நம்பவில்லை என்பதும், கோட்டைச் செலவுகளுக்குக் கடும் வரம்பு விதித்திருந்தார் என்பதும் கார்வருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

வழியில் கண்டவை

1766 செப்டம்பர் தொடக்கத்தில் வணிகர்களின் படகுகளோடு அவர் கிளம்பினார். கிரீன் பே வழியாக ஃபாக்ஸ் ஆற்றில் ஏறி, அங்கிருந்து சிறு தொலைவு படகைச் சுமந்து விஸ்கான்சின் ஆற்றில் இறங்கி, மிசிசிப்பியை அடைவது பழைய வணிகப் பாதை. இந்தப் பகுதியைப் பற்றிய பதிவுகளே அவர் எழுத்தின் உயிர்நாடி என்பேன்.

வின்னபேகோ ஏரியருகே இருந்த ஹோ-சங்க் மக்களின் ஊரில் அவர் நான்கு நாட்கள் தங்கினார். அந்த ஊருக்கு வயது முதிர்ந்த ஒரு பெண் தலைவியாக இருந்தார். அவர் அவையில் அமர்ந்த விதம், குறைவாகப் பேசியது, கார்வர் காட்டிய மரியாதைக்கு மகிழ்ந்தது ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. ஃபாக்ஸ் ஆற்றில் படகு நகர முடியாதபடி காட்டரிசி அடர்ந்து வளர்ந்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இருந்த சாக் மக்களின் பேரூரில் சுமார் தொண்ணூறு பெரிய வீடுகள், பலகையால் நேர்த்தியாகக் கட்டப்பட்டவை, ஒழுங்கான அகன்ற தெருக்களுடன் இருந்தன. சுற்றிலும் மக்காச்சோளமும் அவரையும் பூசணி வகைகளும் விளைந்த தோட்டங்கள் இருந்தன. பழங்குடிகள் அலைந்து திரியும் வேட்டையர் என்றே நினைத்துக்கொண்டிருந்த லண்டன் வாசகருக்கு இந்த ஒரு வருணனை போதுமான மறுப்பு. மிசிசிப்பியும் விஸ்கான்சினும் கூடும் ப்ரெய்ரி து ஷீன் என்ற இடத்தில் சுமார் 300 குடும்பங்கள் வாழ்ந்ததையும், ஆண்டுதோறும் மே மாதத்தில் தொலைவிலுள்ள மக்கள் தோல்களுடன் அங்கே கூடுவதையும், எந்தப் பகை இருந்தாலும் அந்தக் கூடலின்போது சண்டை கூடாது என்ற வழக்கத்தையும் அவர் எழுதினார்.

பெப்பின் ஏரிக்குக் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, புல் மூடிய நான்கடி உயர மண்மேடு வளைந்து கிடப்பதை அவர் கண்டார். ஐயாயிரம் பேரை மறைக்கக்கூடிய பழைய காப்பரண் என்று கணித்தார். பார்த்தது ஒரு கோட்டைக் காவல் வீரரின் கண் என்பது இங்கே புலப்படுகிறது.

நவம்பர் நடுவில், இன்றைய செயின்ட் பால் நகரம் இருக்கும் இடத்தில், டகோட்டா மக்கள் ‘வாகன் டீபி’ என்று அழைத்த குகைக்கு அவர் சென்றார். வாயிலிலிருந்து இருபதடி தூரத்தில் தெளிந்த நீர்நிலை தொடங்குகிறது, சுவர்களில் பாசி படியும் அளவுக்குப் பழமையான செதுக்கோவியங்கள் உள்ளன, அருகே டகோட்டா மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்யும் இடம் உள்ளது என்று எழுதினார். அங்கிருந்து, இன்று மினியாபொலிஸ் நகரின் நடுவே உள்ள செயின்ட் அந்தோணி அருவியை நவம்பர் 17 அன்று அடைந்தார். உடன் வந்த ஹோ-சங்க் இளைஞர் ஒருவர் அருவியைக் கண்டதும் உரக்க வேண்டி, தம் புகைக்குழலையும் புகையிலையையும் கைவளைகளையும் கழுத்து மணிகளையும் ஒவ்வொன்றாக நீரில் எறிந்ததை நூல் விரிவாகச் சொல்கிறது. அருவியை அவர் படமாகவும் வரைந்தார்.

குளிர்காலத்தை மினசோட்டா ஆற்றின் மேற்பகுதியில் டகோட்டா மக்களோடு கழித்தார். அச்சான நூல் இதை ‘ஏழு மாதங்கள்’ என்று சொல்கிறது. ஆனால் நூல் தரும் தேதிகளையே கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதங்களுக்கு மேல் வராது. டிசம்பர் தொடக்கத்தில் சேர்ந்தவர் ஏப்ரல் இறுதியில் கிளம்பிவிட்டார்.

கிராண்ட் போர்டேஜ்: வராத சரக்கு

1767 வசந்தத்தில் ப்ரெய்ரி து ஷீனில் டூட்டும் காடார்ட்டும் அவருடன் சேர்ந்தனர். வழியில் கூட்டங்களுக்கும் நட்புறவுக்கும் கொடுக்க வேண்டிய பரிசுப் பொருள்கள் குறைவாக இருந்தன. அவை இல்லாமல் புதிய மக்களின் நிலத்துக்குள் நுழைவது மரியாதையும் அன்று, பாதுகாப்பும் அன்று. எனவே சிப்பெவா ஆற்றின் வழியே வடக்கே திரும்பி, சுப்பீரியர் ஏரியின் வடகரையில் உள்ள கிராண்ட் போர்டேஜுக்குப் போய், ரோஜர்ஸ் அனுப்பும் சரக்கை அங்கே பெற்றுக்கொள்வதென்று குழு முடிவு செய்தது. நியாயமான முடிவு.

ஜூலையில் அங்கே காத்திருந்தபோது நடந்ததாக நூல் ஒன்றைச் சொல்கிறது. கிரீ மக்களின் பூசகர் ஒருவர், கடமான் தோலில் சுற்றிக் கட்டப்பட்டு, கூடாரத்துள் நெடுநேரம் வேண்டிய பின், நாளை உச்சிப் பொழுதில் ஒரு படகு வரும், அதில் வருபவர்கள் செய்தி சொல்வார்கள் என்றார். மறுநாள் அந்த வேளையில் படகு வந்தது. கார்வர் அதை விளக்க முற்படாமல், தாம் கண்டதாக மட்டும் சொல்லி நிறுத்துகிறார். சரக்கு மட்டும் வரவில்லை. அனுப்ப இயலாது என்ற செய்தியே ரோஜர்ஸிடமிருந்து கிடைத்தது. கடனாகவும் யாரும் பொருள் தர முன்வரவில்லை. குழு ஆகஸ்ட் இறுதியில் மிச்சிலிமாக்கினாக்குக்குத் திரும்பியது. பசிபிக்கை நோக்கிய பயணம் சுப்பீரியர் ஏரிக்கரையிலேயே முடிந்துவிட்டது.

கூலி கேட்டு

புறப்பட்ட நாள் முதல் திரும்பிய நாள் வரை ஏறக்குறைய 360 நாட்கள். எட்டு ஷில்லிங் வீதம் கணக்கிட்டால் 144 பவுண்ட் வருகிறது. அந்தப் பணத்தை ரோஜர்ஸ் கொடுக்க முடியவில்லை. 1767 டிசம்பரில் அவரே தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு மான்ட்ரியலில் நடந்த படை நீதிமன்ற விசாரணையில் விடுவிக்கப்பட்டார் என்றாலும் பதவி போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தைக் கோட்டையிலேயே கழித்த கார்வர், நாட்குறிப்பைத் திருத்தி எழுதுவதில் ஈடுபட்டார். இதற்கு முன்பே அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று 1768இல் பாஸ்டன் பத்திரிகையில் வெளிவந்தது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியும், அவருடைய பயணத்தைப் பற்றிய முதல் அச்சுப் பதிவும் அந்த ஒரு கடிதத்தில் சேர்ந்திருந்தன.

1768 ஆகஸ்டில் பாஸ்டனுக்கு வந்த பின், ஊதியத்துக்காகத் தளபதி கேஜை நாடினார். ரோஜர்ஸுக்கு இப்படியொரு பயணத்தை அனுப்ப அதிகாரம் இல்லை, ஆகவே பணம் இல்லை என்பதே பதில். முன்சந்தா திரட்டி நூலை வெளியிட முயன்றார். போதிய சந்தாதாரர்கள் கிடைக்கவில்லை. பிறகு அவர் எடுத்த முடிவுதான் குடும்பத்தின் கதையை முடித்துவைத்தது. 1769 பிப்ரவரியில், மனைவியையும் பிள்ளைகளையும் மான்டேக்கில் விட்டுவிட்டு, லண்டன் அரசிடம் நேரில் கேட்கக் கப்பலேறினார். திரும்பி வரவே இல்லை.

லண்டனில் மனுமேல் மனுவாகக் கொடுத்துக் காத்திருந்தார். வணிக வாரியத்தின் முன் நேரில் விசாரிக்கப்பட்டார். அதற்குள் தம் கைப்பிரதிகளை ஒரு புத்தக வணிகருக்கு விற்றிருந்தார். அவை அச்சுக்குத் தயாராகும் வேளையில், வரைபடங்களையும் குறிப்புகளையும் அரசிடம் ஒப்படைக்குமாறு ஆணை வந்தது. வணிகரிடமிருந்து பெருஞ்செலவில் அவற்றைத் திரும்ப வாங்கி ஒப்படைத்ததாக அவரே முன்னுரையில் எழுதினார். கூலி கேட்கப் போனவர் மேலும் கடனாளியானார் என்பதை அந்தச் சில வரிகளில் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1774இல் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் விட்வொர்த் என்பவருடன் ஐம்பது அறுபது பேரை அழைத்துக்கொண்டு மீண்டும் மேற்கே செல்லும் திட்டம் உருவானது. குடியேற்றங்களில் மூண்ட கலகத்தால் அதுவும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், முதல் மனைவி உயிரோடு இருக்கையிலேயே, லண்டனில் இன்னொரு பெண்ணை மணந்துகொண்டார். இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் விரும்பவில்லை. கடலின் இரு கரைகளிலும் இரண்டு குடும்பங்கள் அவருடைய வறுமைக்கு விலை கொடுத்தன.

1778: கைப்பிரதி நூலான விதம்

பயணம் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1778இல், ‘வட அமெரிக்காவின் உட்பகுதிகளூடே 1766, 1767, 1768 ஆண்டுகளில் மேற்கொண்ட பயணங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் லண்டனில் வெளிவந்தது. உடனே வாசகர்களைப் பெற்றது. மறு ஆண்டே இரண்டாம் பதிப்பு. 1780இல் ஜெர்மனிலும், 1784இல் பிரெஞ்சிலும், பின்னர் டச்சிலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. காலப்போக்கில் பதிப்புகள் முப்பதைத் தாண்டின. டகோட்டா தலைவர் ஒருவரின் இறுதிச் சடங்கில் சொல்லப்பட்டதாக அதில் வந்த புகழுரையை ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் கவிதையாக்கினார். ‘ஓரிகன்’ என்ற பெயர் இன்றைய எழுத்துக்கோவையில் முதன்முதலாக அச்சேறியதும் இந்த நூலில்தான். அந்த ஆற்றின் அருகே கார்வர் போனதே இல்லை. பெயரும் ரோஜர்ஸிடமிருந்து வந்தது.

கைப்பிரதிக்கும் நூலுக்கும் இடையே என்ன மாறியது என்பதே இந்த ஆய்வின் மையம். நூலில் டூட்டும் காடார்ட்டும் காணாமற்போனார்கள். ரோஜர்ஸ், பயணிக்கு உதவி செய்த ஒரு கோட்டை ஆளுநராகச் சுருங்கினார். பயணத் திட்டமே கார்வருடைய சொந்த எண்ணம் என்று ஆக்கப்பட்டது. பெயர் கெட்டு, கடனுக்காகச் சிறைவாசமும் கண்ட ரோஜர்ஸின் நிழல் நூலின் மேல் விழக்கூடாது என்று கருதியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் கூட வந்த இருவரை நீக்கியதற்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

இரண்டாவது மாற்றம் இன்னும் கடுமையானது. நூலின் பின்பாதி, பழங்குடி மக்களின் பழக்கவழக்கங்கள், மணம், போர், வேட்டை, சமயம், மொழி பற்றியது. அதன் பெரும்பகுதி பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்வுவா, பிரெஞ்சுப் படையதிகாரி லாஹோன்டான், தெற்குப் பகுதிகளில் வணிகம் செய்த ஜேம்ஸ் அடேர் ஆகியோரின் முந்தைய நூல்களிலிருந்து, சில இடங்களில் வாக்கியம் வாக்கியமாகவே, எடுக்கப்பட்டது. வாசகர் எதிர்பார்ப்புக்கேற்ப நூலைப் பெருக்க லண்டன் தொகுப்பாளர் ஒருவர் செய்த வேலை இது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அன்றைய பதிப்புலகில் இப்படிச் செய்வது அரிதன்று. ஆயினும் அட்டையில் இருந்த பெயர் கார்வருடையது. அவர் ஒப்புக்கொண்டுதான் அது வெளிவந்தது. பசியோடு இருந்த அறுபத்தெட்டு வயது மனிதரால் மறுத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பொறுப்பிலிருந்து அவரை முழுதாக விடுவிக்க அது போதாது.

இறப்பும் நிலப்பத்திரமும்

நூலின் வெற்றி அவர் வயிற்றை நிரப்பவில்லை. 1779இல் புகையிலைப் பயிர் பற்றிய சிறு நூல் ஒன்றும் வந்தது. கடைசியில் ஒரு லாட்டரி அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்து, 1780 ஜனவரி 31 அன்று, வறுமையிலும் நோயிலும் லண்டனில் இறந்தார். இறுதிக் காலத்தில் அவருக்கு உதவிய மருத்துவர் ஜான் கோக்லி லெட்சம், லண்டன் மனைவிக்கும் குழந்தைக்கும் வருமானம் கிடைக்கட்டும் என்று 1781இல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். தவறான பிறந்த ஆண்டு இடம்பெற்ற வாழ்க்கைக் குறிப்பு இதில் உள்ளதுதான். நல்ல மனத்துடன் செய்யப்பட்ட காரியத்திலும் பிழை நிலைத்துவிட்டது.

அதே பதிப்பில் ஒரு பத்திரமும் அச்சானது. 1767 மே 1 அன்று, குகையில், டகோட்டா தலைவர்கள் இருவர் ஆமை, பாம்பு வடிவக் குறிகளை இட்டு, மிசிசிப்பியின் கிழக்கே சுமார் 10,000 சதுர மைல் பரப்பைக் கார்வருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுத்தார்கள் என்றது அது. இப்படியொரு கொடையைப் பற்றிக் கார்வர் தம் நூலிலோ நாட்குறிப்பிலோ ஒரு சொல்லும் எழுதவில்லை. பழங்குடி நிலத்தைத் தனியார் வாங்குவதை 1763ஆம் ஆண்டின் அரசாணை வெளிப்படையாகத் தடுத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கூலிக்காக மனுப்போட்டவர் கையில் அவ்வளவு பெரிய சொத்துப் பத்திரம் இருந்திருந்தால், அதை ஒருமுறையேனும் வெளியே எடுத்துக் காட்டாமல் இருந்திருப்பாரா என்ற கேள்வியே எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. இரு கரைகளிலும் இருந்த வாரிசுகளும் அவர்களிடமிருந்து பங்கு வாங்கியவர்களும் பல பத்தாண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். பேரர் இருவர் 1817இல் படகேறி அந்த நிலத்தைப் பார்க்கவே வந்தார்கள். 1821இல் அப்பகுதியில் இருந்த கர்னல் ஹென்றி லெவன்வொர்த், டகோட்டா மக்களுக்கு அப்படியொரு கொடை பற்றித் தெரியவில்லை என்று தெரிவித்தார். 1820களில் கோரிக்கை முடிவாக நிராகரிக்கப்பட்டது.

சந்தேகமும் மீட்பும்

நூலின் மேலான ஐயம் முன்பே எழுந்திருந்தது. 1823இல் அதே ஆற்றுவழியே போன ஓர் அரசுப் பயணக்குழுவின் பதிவாளர், கார்வர் மினசோட்டா ஆற்றில் அவ்வளவு தூரம் ஏறியிருப்பாரா என்று சந்தேகித்தார். 1906இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் கேலார்ட் பூர்ன் நூலின் வரிகளையும் முந்தைய நூல்களின் வரிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். சான்று மறுக்க இயலாதது. ஆனால் அவர் அதற்கும் அப்பால் சென்று, இப்படிப்பட்ட நூலை எழுதும் கல்வி கார்வருக்கு இருந்திராது என்றும் முடிவு கட்டினார். கார்வரின் கையெழுத்துக் கடிதங்கள் அதைப் பொய்யாக்கின.

பிரிட்டிஷ் மியூசியத்தில் கார்வரின் கைப்பிரதி நாட்குறிப்புகள் இருந்தன. நாள், திசை, தூரம், ஆற்றின் அகலம், மண்ணின் தன்மை என்று வரிசையாகக் குறித்த அளவையாளரின் பதிவு அது. ரோஜர்ஸின் ஆணையும், டூட், காடார்ட் ஆகியோரும் அதில் மறைவின்றி இடம்பெற்றனர். டகோட்டா மக்களிடையே கழித்த குளிர்காலமும் அதில் உண்டு. பயணம் நடந்ததா என்ற ஐயம் அதோடு தீர்ந்தது. ஜான் பார்க்கர் பதிப்பித்து, மினசோட்டா வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக அது முழுமையாக அச்சேறியது 1976இல். எழுதப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

எவை மாறியிருக்க வேண்டும்

திரும்பிப் பார்க்கும்போது, 1766 ஆகஸ்டில் கிடைத்த நியமனத்தின் நகலை, படகேறும் முன்பே நியூயார்க்கிலிருந்த தலைமைத் தளபதிக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பதில் வரும்வரை காத்திருந்தால் அந்த ஆண்டின் பருவம் தவறியிருக்கும். அந்த இழப்பைவிடப் பின்னால் நேர்ந்தது பெரிது. லண்டனில், கைப்பிரதியில் உள்ளபடியே பயணப் பகுதியை மட்டும் சிறு நூலாகக் கொண்டுவரும் வழியும் இருந்தது. வாசகர் குறைவாகவே கிடைத்திருப்பார்கள். ஆனால் 1906இல் யாரும் அதை எதிர்த்துப் பேச இடமிருந்திராது. பிறர் நூல்களிலிருந்து எடுத்தவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், எழுதியவர் பெயரைச் சொல்லிச் சேர்க்கத் தொகுப்பாளருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. நூலிலேயே அந்தப் பிரெஞ்சு ஆசிரியர்களின் பெயர்கள் வேறு இடங்களில் வரத்தான் செய்கின்றன.

ஆய்வாளர் பக்கத்திலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. பின்பாதி பிறருடையது என்று நிறுவப்பட்டதும் முன்பாதியும் பொய் என்று தள்ளப்பட்டது. கைப்பிரதி அதே காலத்தில் லண்டனில் அலமாரியில் கிடந்தது. நூலைத் தீர்ப்பிடும் முன் கைப்பிரதியை எடுத்துப் பார்த்திருந்தால், சாக் பேரூரின் தெருக்களும் ப்ரெய்ரி து ஷீன் கூடலும் வரலாற்றில் தமக்குரிய இடத்தை எழுபது ஆண்டுகள் முன்னதாகவே பெற்றிருக்கும்.

இவை எல்லாவற்றிலும் கேட்கப்படாதவர்கள் டகோட்டா மக்கள். அவர்களுடைய சொற்கள் கார்வரின் எழுத்திலும், போலிப் பத்திரத்திலும், ஜெர்மன் கவிதையிலும் வெவ்வேறு விதமாக வந்தன. அவர்கள் தரப்பு ஒரே ஒருமுறை, 1821இல், ஒரு கர்னலின் கடிதத்தின் வழியே பதிவானது. குகையோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப் பாதைக்காகப் பாறை வெட்டப்பட்டபோது பெரும்பாலும் அழிந்தது. கார்வர் கண்ட செதுக்கோவியங்கள் அதோடு போயின. நீண்ட காலம் ‘கார்வர் குகை’ என்றே வரைபடங்களில் குறிக்கப்பட்டுவந்த அந்த இடத்தை, அவர் தம் குறிப்பில் எழுதிவைத்திருந்த ‘வாகன் டீபி’ என்ற பெயராலேயே டகோட்டா மக்கள் இன்று அழைக்கிறார்கள்.